தளிர்விட்ட அளவுக் கம்பு

பெரிய பாப்பா, சின்ன பாப்பா, அந்தக் கோலைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. கட்டைகளும் கொப்பியும் அம்மாவின் தகரப் பெட்டிக்குள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பெரிய பாப்பா, அந்த விளையாட்டின் பேச்சு வந்தாலே நீ எழுந்து வெளியே போய்விடுகிறாய். எல்லாம் உன்னால் வந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது சரியில்லை. நாம் லயத்தை விட்டு இறங்கிய அன்றைக்கு நடந்ததில் உங்கள் இருவருக்கும் தெரியாத அரை மணி நேரம் ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன், வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும், ஆகவே தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். பெல்மதுளையில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, பெரிய பாப்பா, உன் வகுப்பில் படித்தாள். அவளுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த விளையாட்டு அது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, "நான் இதைச் செய்கிறேன்" என்பார்கள். அது பலிக்குமா, பலிக்காதா என்பதை இருபது முகம் உள்ள கட்டையை உருட்டிப் பார்ப்பார்கள். நீ அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, தமிழில் ஒரு கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்தாய். மழை நாட்களில் ரப்பர் பால் வெட்ட முடியாமல் நான் வீட்டில் இருக்கும்போது, நம் வாசலில் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பீர்கள். நீ வனக்காரி. சின்ன பாப்பா திருடி. ராட்சசன் வரும் இடங்களில் உறுமுவது என் வேலை.

வனக்காரியின் கையில் ஒரு கோல் இருக்க வேண்டும். அதற்கு நீ தளிர்க்கோல் என்று பெயர் வைத்தாய். அதைப் பற்றிக் கொப்பியில் எழுதியிருந்ததை நான் பல தரம் படித்திருக்கிறேன். பச்சை மரத்தில் வெட்டியதாக இருக்க வேண்டும், காய்ந்த மரத்துக்குச் சக்தி இல்லை. தரையில் ஊன்றினால் தளிர்க்கும். ஒரு நாளைக்கு மூன்று தரம் அதைப் பயன்படுத்தலாம். முதல் தரம் தட்டினால் வேர்கள் எழுந்து எதிரியின் காலைக் கட்டும். இரண்டாம் தரம் ஓர் இலையைக் கிள்ளிக் காயத்தில் வைத்தால் இழந்த உயிர்ப் புள்ளியில் ஆறு திரும்பி வரும். மூன்றாம் தரம் மலையிடம் ஒரு கேள்வி கேட்கலாம். மலை பொய் சொல்லாது. சின்ன பாப்பா முதல் சக்தியைத்தான் எப்போதும் கேட்பாள், அதையும் அம்மாவின் காலைக் கட்டுவதற்காக.

முதலில் அம்மாவின் மட்டக்கம்பைத்தான் கோலாக வைத்திருந்தீர்கள். கொழுந்து எடுக்கும்போது செடிகள் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க மேலே வைக்கும் நீளக் கம்பு. ஒரு நாள் காலையில் அது காணாமல் போய், அம்மா வேலைக்குப் பிந்திப் போக வேண்டியதாயிற்று. அன்று பின்னேரம் நடந்த பேச்சு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"இனி என் கம்பத் தொட்டீங்கன்னா தெரியும். கம்பு இல்லாம மலைக்குப் போனா கங்காணி என் மட்டத்தத்தான் பாப்பாரு. வேற எங்கயாவது பாத்துக்க."

"அது காஞ்ச கம்புதானம்மா. அதுக்குச் சக்தியே இல்ல."

"ஒனக்கு இருக்கிற சக்தி போதும். போய்த் தண்ணி தூக்கு."

இனி மற்றக் கம்புகளுக்கு வருகிறேன். லயத்துக்கு மேலே, தேயிலை தொடங்கும் இடத்தில், அந்த நாளுக்கு இரண்டு மாதம் முன் பெய்த பெரிய மழைக்குப் பிறகு நிலம் வெடித்தது உங்களுக்குத் தெரியும். இரத்தினபுரியிலிருந்து மண்சரிவு பார்க்கும் அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்புக்கு மேல் பக்கம் ஒரு கம்பு, கீழ்ப் பக்கம் ஒரு கம்பு அடித்து, உச்சியில் சிவப்புப் பெயின்ட் பூசி, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு என்று தினமும் காலையில் அளக்கச் சொன்னார்கள். அன்று நூற்று இருபது சென்டிமீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கூடினால் யாரையும் கேட்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள் என்றார்கள். அளக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நம் லயத்தில் பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு வீடும் காலையில் கதவைத் திறந்ததும் என் முகத்தைத்தான் பார்க்கும். நான் "நூத்தி இருவது" என்றால் அடுப்பைப் பற்றவைப்பார்கள்.

அந்த அதிகாரி சிங்களத்தில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். காய்ந்த கட்டையாகப் பார்த்து அடி என்று. நான் "ஹரி மாத்தயா", சரி ஐயா என்று தலையாட்டிவிட்டு, தேயிலைக் கிளை வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போய்ப் பச்சைக் கிளிசரியாக் கம்பு இரண்டு வெட்டினேன். தோட்டத்தில் கம்பு அடி என்றால் எல்லார் கையும் கிளிசரியாவுக்குத்தான் போகும். வேலிக்கும் அதுதான், அவரைப் பந்தலுக்கும் அதுதான். குத்தி வைத்த இடத்தில் வேர் விடும் என்பதற்காகவே நாம் அதை வெட்டுகிறோம். அளவுக் கம்பு வேர் விடக் கூடாது, தளிர் விடக் கூடாது, யாரும் ஆசையோடு பார்க்கும்படி இருக்கக் கூடாது. அது என் புத்தியில் ஏறவில்லை. ஒன்றரை மாதத்தில் மேல் கம்பின் உச்சியில் இரண்டு கொத்து இலை வந்தது. தினமும் அளக்கும்போது பார்த்தேன். அழகாக இருக்கிறது என்றுகூட நினைத்தேன்.

அன்று மூன்றாவது நாளாக மழை. காலை ஆறரைக்கு டேப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். பனியும் மழையும் கலந்து, முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. சிவப்பு உச்சியிலிருந்து சிவப்பு உச்சிக்கு டேப்பை இழுத்தேன். நூற்று இருபத்தெட்டு. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப இழுத்தேன். நூற்று இருபத்தெட்டு. இலை இல்லாததைக் கவனித்தேனா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். கவனிக்கவில்லை. அந்த நேரத்தில் என் கண்ணுக்கு இலக்கம் மட்டுந்தான் தெரிந்தது.

ஓடி வந்து வீடு வீடாகத் தட்டினேன். யாரும் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லாரும் பேசாமல் அடையாள அட்டை, பிள்ளைகளின் புத்தகம், அரிசி என்று பையில் போட்டார்கள். ஐந்தாம் வீட்டுத் தம்பி மட்டும் கதவை மறித்துக்கொண்டு நின்றான். அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்து பதினோரு நாள்.

"பச்ச ஒடம்புண்ணே. இந்த மழையில எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

"எட்டு சென்டிமீட்டர் தம்பி."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு தரம் பாத்தேன்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு உள்ளே போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். குழந்தையைப் பொலித்தீன் விரிப்புக்குள் சுற்றியிருந்தார்கள். படிக்கட்டில் தண்ணீர் ஆறு போல வந்தது. அந்தப் பெண் ஒவ்வொரு படிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். நான் பின்னால் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

கீழே கிராமத்துப் பாடசாலையின் மண்டபத்தைத் திறந்து கொடுத்தார்கள். கிராம சேவகர் நனைந்தபடியே மோட்டார் சைக்கிளில் வந்து, "பய வென்ட எப்பா" என்று, பயப்பட வேண்டாம் என்று, எல்லாருக்கும் சொன்னார். அதிகாரிகளுக்குப் போன் எடுத்தார். வீதியில் மரம் விழுந்திருக்கிறது, நாளைக்குத்தான் வருவார்கள் என்றார். கிராமத்துச் சிங்களப் பெண்கள் தேங்காய்ச் சம்பலும் பாணும் கொண்டுவந்து தந்தார்கள். என் கையைப் பிடித்து நல்ல காலம் என்றார்கள். நான் அன்று காலை ஒரு பெரிய மனிதனாக உட்கார்ந்திருந்தேன்.

பத்து மணி போலப் பிள்ளைகள் மண்டபத்து மூலையில் வட்டம் போட்டீர்கள். ஆறு பிள்ளைகளும் பசியை மறந்து சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிள்ளை பெற்ற பெண் பக்கத்தில் சுவரில் சாய்ந்து, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, நீங்கள் விளையாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நீ மழைக்கோட்டுக்குள்ளிருந்து கோலை எடுத்து நிமிர்த்திப் பிடித்தாய். உச்சியில் இரண்டு கொத்து இலை. நடுவில் செம்புக் கம்பி சுற்றி, பாசிமணி கோத்திருந்தாய். நல்ல கைவேலை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிறகு என் கண் அடிப்பக்கம் போனது.

மூன்று வெட்டில் கூர் சீவியிருந்தது. நான் கம்பு சீவினால் எப்போதும் மூன்று வெட்டு, மூன்றாவது வெட்டு கொஞ்சம் நீளமாக இருக்கும். என் கையெழுத்தை நான் மறப்பேனா. உச்சியில் இலைகளுக்கு நடுவே சிவப்புப் பெயின்ட் எட்டிப் பார்த்தது.

உன்னை விறாந்தைக்குக் கூப்பிட்டேன்.

"இது எங்க எடுத்த?"

"மேல்பக்கத்துக் கம்புப்பா. தளிர் விட்டிருந்துச்சு."

"எப்ப?"

"நேத்துப் பின்னேரம். வேற கம்பு நட்டுட்டேன்ப்பா. அதே ஓட்டையிலதான். சாண் போட்டுப் பாத்தேன், சரியா இருந்துச்சு. சித்தியோட நகப்பூச்சு அடிச்சேன், செவப்பா."

அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் முகம் மாறியது. "அப்பா, அதாலயா அளவு கூடுச்சு?"

நான் சொன்னது இதுதான்: "வாய மூடிக்கிட்டு உள்ள போ."

நீ அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டாய். இன்று வரை அப்படித்தான் நினைக்கிறாய். அது கோபம் இல்லை, பாப்பா. உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஈரமண்ணில் பிடுங்கிய ஓட்டை இடிந்து போகும். புதுக் கம்பு சாய்ந்து நிற்கும். எட்டு சென்டிமீட்டர் என்பது மலை நகர்ந்ததாக இருக்கலாம், கம்பு சாய்ந்ததாகவும் இருக்கலாம், இரண்டும் பாதிப் பாதியாகவும் இருக்கலாம். ஒன்றரை மாதம் எடுத்த அளவெல்லாம் அந்த ஓட்டையோடு போய்விட்டது. பன்னிரண்டு வீட்டின் தலைக்கு மேல் நிற்கிற மலை என்ன செய்கிறது என்று சொல்ல இப்போது எதுவுமில்லை.

நான் கோலை வாங்கி மண்டபத்துக் கரும்பலகைக்குப் பின்னால் சொருகினேன். இதுதான் அந்த அரை மணி நேரத்தின் தொடக்கம். சுவரோரம் போய் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யாருக்குத் தெரியும்? இந்த மழைக்கு நகப்பூச்சு உரிந்து போய்விடும். நாளைக்கு அதிகாரிகள் வந்தால் மழையில் கம்பு ஆடிவிட்டது என்று சொல்லலாம். எப்படியும் சனங்கள் பத்திரமாகத்தானே இருக்கிறார்கள், பொய்யால் யாருக்கு என்ன நட்டம். உன்னைக் காப்பாற்றுவதாக எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மையில் காய்ந்த கட்டை என்று அந்த அதிகாரி சொன்ன சத்தம் காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா தேத்தண்ணீர் கொண்டுவந்து, "என்னாங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றாள். அவளுக்கும் சொல்லவில்லை.

மழை விட்டது. வந்தது வினை. ஆண்கள் வாசலில் கூடி மேலே பார்க்கத் தொடங்கினார்கள். ஐந்தாம் வீட்டுத் தம்பி என்னிடம் வந்தான்.

"டேப்பக் குடுங்கண்ணே. நான் போய் அளந்து பாக்குறேன்."

"எதுக்கு?"

"காலையில எட்டு. இப்பவும் அதே எட்டுல நின்னா மலை நின்னுருச்சுன்னுதான அர்த்தம்? புள்ளையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருவோம். சீமெந்துத் தரையில அவ ஒடம்பு தாங்காது."

"அதிகாரி நாளைக்கு வந்து பாக்கட்டுமே."

"அதிகாரிக்கா புள்ள பொறந்திருக்கு?" என்றான். நாலைந்து பேர் சிரித்தார்கள். "அவன் சொல்றது சரிதான், அளந்து பாத்துட்டு ஏறுவோம்," என்றார் கங்காணி.

அவன் கை நீட்டியபடி நின்றான். அந்தக் கம்பு எட்டிலேயே நின்றுவிடலாம். மலை நகர்ந்திருந்தாலும் இல்லாவிட்டாலும், ஆடுகிற கம்பு எதைக் காட்டுகிறதோ அதை நம்பி, பதினோரு நாள் குழந்தையோடு எல்லாரும் மேலே ஏறப்போகிறார்கள். பிள்ளைகளே, என் கை பைக்குள் போய் டேப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தது. நான் கொடுத்தேன். அதைத்தான் என்னால் நேரில் சொல்ல முடியவில்லை.

அவன் மைதானத்தைத் தாண்டினான். கேட்டைத் திறந்தான். கேட்டுக்கு வெளியே வீதியில் இடது பக்கம் திரும்பினான். அவனுடைய சட்டை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஓடினேன். செருப்பு எங்கே கழன்றது என்று தெரியவில்லை.

"தம்பி, நில்லு. அளக்காத. அந்தக் கம்பு பொய்க் கம்பு."

அவனைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்து, கரும்பலகைக்குப் பின்னால் இருந்ததை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் மேசையில் வைத்தேன். மணிகளோடு, இலைகளோடு.

"என்னாண்ணே இது, சோடிச்சு வச்சிருக்கீங்க? காவடியா?" என்று ஒருவன் கேட்டான். நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"இதுதான் மேல்பக்கத்து அளவுக் கம்பு. காஞ்ச கட்ட அடிக்கச் சொன்னாங்க. நான் பச்சக் கம்பு அடிச்சேன். தளிர் விட்டுச்சு. என் மக வெளையாட்டுக்குப் புடுங்கிட்டு வேற நட்டுட்டா. நான் காலையில அளந்தது அந்தக் கம்ப."

பிறகு கங்காணி சொன்னார், "அப்ப மலைக்கு ஒண்ணுமில்ல. ஒரு வெளையாட்டுக் கம்புக்காகப் பன்னெண்டு வீட்டயும் மழையில எறக்கிட்டாரு. கட்டுங்க சாமான."

"மலைக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல," என்றேன். "நகந்துச்சா நகரலையான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

"காலையில எல்லாம் தெரிஞ்சவரு இப்பத் தெரியாதுங்கிறாரு."

"பொண்ணுக்கிட்ட கேளுங்கப்பா, அவ கட்டைய உருட்டிச் சொல்லுவா," என்றான் இன்னொருவன்.

பெரிய பாப்பா, நீ அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டாய். எனக்குத் தெரியும். சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். நான் வாசல் நிலையில் கையை வைத்து மறித்துக்கொண்டு நின்றேன். ஐந்தாம் வீட்டுத் தம்பி என் சட்டையைப் பிடித்தான்.

அப்போதுதான் அவன் மனைவி சுவரோரத்திலிருந்து பேசினாள். சத்தமாகக்கூடப் பேசவில்லை.

"இந்தப் புள்ளைங்க காலையில இருந்து சொல்லிக்கிட்டு இருந்துச்சுங்க. இந்தக் கோல ஊனி மலையக் கேட்டா மலை பதில் சொல்லுமாம். கோலப் புடுங்கிட்டு வந்தாச்சு. இனி யாரு கேக்குறது, யாரு பதில் சொல்றது? மலை நிக்குதுன்னு ஒருத்தர் வந்து எனக்குச் சொல்லட்டும், அப்ப வாறேன். தெரியாதுன்னு சொன்ன எடத்துக்கு நான் புள்ளையத் தூக்கிட்டு வரமாட்டேன்."

"சும்மா இருடி," என்றான் அவன்.

"நீங்க போங்க. போய் அடுப்பப் பத்த வைங்க. நாங்க ரெண்டு பேரும் இங்கதான்."

அவன் என் சட்டையை விட்டான். போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். கங்காணி மூட்டையோடு வாசல் வரை வந்தார். திரும்பிப் பார்த்தார். அவர் மனைவி எழும்பவில்லை. மற்றப் பெண்களும் எழும்பவில்லை. அவர் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல், வெற்றிலைப் பையைத் தேடினார்.

அடுத்த நாள் அதிகாரி வந்தார். கோலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டவில்லை. பழைய அளவு இல்லாமல் எதுவும் சொல்ல முடியாது, புதிதாகத் தொடங்கிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்றார். இரும்புக் கம்பி அடித்தார்கள். ஒன்பது நாள் எல்லாரும் அந்த மண்டபத்தில் கிடந்தோம். ஒழுங்கான அளவு இருந்திருந்தால் இரண்டு நாளில் முடிந்திருக்கும், அல்லது நிரந்தரமாகவே இறங்கியிருப்போம். அந்த இரவு மலை நகர்ந்ததா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. அளக்கிற வேலை ஐந்தாம் வீட்டுத் தம்பிக்குப் போனது. அவன் நன்றாகச் செய்கிறான். எல்லாரும் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் கொஞ்ச காலம் எனக்கு 'எட்டு சென்டிமீட்டர்' என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் உன்னால் வந்தது இல்லை. பச்சைக் கம்பு வெட்டியவனுக்கும், டேப்பை எடுத்துக் கொடுத்தவனுக்கும் வந்தது. நீ ஒரு கம்பைப் பிடுங்கினாய், கேட்டதும் உண்மையைச் சொன்னாய். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

இன்னும் ஒன்று. அன்று சனங்கள் உட்கார்ந்த பிறகும் எனக்கு நிம்மதி வரவில்லை. பொய்க் கம்பு மேலே நின்றுகொண்டுதானே இருக்கிறது. நாளைக்கு அதிகாரி வரும்முன் யாராவது ஒருவர் மனம் கேட்காமல் போய் அளந்து, ஓர் இலக்கத்தோடு வந்தால்? நாலு மணி போல, யாரிடமும் சொல்லாமல், ரப்பர் மலைப் பக்கமாகச் சுற்றி, வெடிப்பின் ஓரத்துக்கு ஏறினேன். நீங்கள் ஒரு நாளும் அப்படிச் செய்யக் கூடாது. பனி கலைந்திருந்தது. கீழே நம் லயத்துக் கூரைகள் பன்னிரண்டும் புகையில்லாமல் தெரிந்தன. வெடிப்புக்குள் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மேல் பக்கம் நடந்து போய், குந்தி, அந்தக் கம்பைப் பிடித்தேன். இழுக்கத் தேவைப்படவில்லை. இரண்டு விரலுக்கே வந்துவிட்டது. அதைக் குறுக்கே இரண்டாக முறித்து, தூரத்தில் தேயிலைக்குள் எறிந்துவிட்டு, இறங்கினேன்.